அந்தப் பாட்டில் கத்துகிறவள்

தம்பி,

உன் கல்யாணத்தன்று நீயும் ஆரணியும் மண்டபத்துக்குள் நுழையும்போது அந்தப் பாட்டைப் போட்டால், நான் முன்வரிசையிலிருந்து எழும்பிப் போய் டீஜேயின் பெட்டியைத் தூக்கி நிலத்தில் அடிப்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு, அம்மா சபையில் என்னை வெட்கப்படுத்திவிட்டா என்று நீ குறை சொல்லக்கூடாது. ஆரணியின் தமையன் இன்று காலை ஃபோன் எடுத்து, "அன்ரி, மாப்பிள்ளையின்ட என்ட்ரிக்கு மாப்பிள்ளையின்ட பாட்டுத்தான். வெள்ளவத்தையே ஆடப்போகுது பாருங்கோ" என்று சிரித்தான். அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. நான் "ம்" என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்தேன். வைத்த கையோடு இதை எழுதத் தொடங்கினேன். ஃபோனில் கதைத்தால் நீ சென்னையிலிருந்து, "பிறகு எடுக்கிறன் அம்மா, ஸ்டூடியோவில நிக்கிறன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. முழுவதும் வாசி.

நான் வெறும் வாய்வீச்சு வீசுகிறேன் என்று நினைக்காதே. போன கிழமை வெள்ளவத்தைக்குப் போய் ஆரணிக்குக் கூறை எடுத்துக்கொண்டு மட்டக்குளி பஸ்ஸில் ஏறினேன். நல்ல சிவப்பு, பெரிய கரை, உனக்குப் பிடிக்கும். பஸ் இரண்டு தரிப்பு தாண்டவில்லை, உன் பாட்டைப் போட்டுவிட்டான். என் தலைக்கு நேரே ஸ்பீக்கர். கொண்டக்டரிடம் சிங்களத்தில் கெஞ்சினேன், "மல்லி, ஓக்க வஹன்ன" என்று. நிறுத்தச் சொல்லித்தான். அவன் சிரித்துக்கொண்டு, "ஹிட் எகக்னே அம்மே", ஹிட் பாட்டல்லவா என்று சத்தத்தை இன்னும் கூட்டினான். பின்சீட்டுப் பெடியன்கள் கையைக் கத்திபோல வீசி ஆடினார்கள். அந்த இடம் வந்தது, அந்த "ஐயோ" வந்தது. எனக்குக் கண் இருண்டது. குடையைத் திருப்பிப் பிடித்து ஸ்பீக்கரில் ஒரு அடி. தடுக்க வந்த கொண்டக்டரின் முழங்கையில் அடுத்த அடி. மூன்றாவது அடிக்குக் குடைக்கம்பி வளைந்து ஸ்பீக்கர் வாய் பிளந்து தொங்கியது. விசர் மனுசி என்று ஏசி, என்னைப் பம்பலப்பிட்டியில் இறக்கிவிட்டார்கள். கூறைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு காலி வீதியில் நின்றேன். வீட்டில் சொன்னபோது அப்பா வழக்கம்போல, "ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு" என்றார். இருக்கட்டும். எனக்குப் புத்தி மட்டுத்தான். ஆனால் காது மட்டில்லை.

அந்த ஐயோ யாருடையது என்று உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். உன்னோடு சேர்ந்து ஆடுகிற ஊர் உலகத்துக்குத் தெரியாது. நான் இதில் எல்லாவற்றையும் தொடக்கத்திலிருந்து எழுதப் போகிறேன். நீ மறந்துவிட்டாய் என்பதற்காக இல்லை. நீ மறந்ததுபோல் நடிக்கிறாய், அதற்காக.

அன்று ஞாயிற்றுக்கிழமை, பின்னேரம். கொட்டாஞ்சேனை வெயிலில் எங்கள் தொடர்மாடிச் சுவர்கள் அடுப்புக் கல்லாகக் கொதித்தன. நீ வழக்கம்போல மெத்தையைச் சுவரில் சாய்த்து, ஃபேனை நிறுத்தி, மைக்குக்கு முன்னால் நின்றாய். "அம்மா, குசினியில சத்தம் போடாதேங்கோ, சென்னைக்கு இண்டைக்கு ட்ராக் அனுப்ப வேணும்" என்றாய். நான் குக்கரைக்கூட வைக்காமல் நிலத்தில் குந்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வேர்வை தாங்காமல் யன்னலை ஒரு சாண் திறந்து வைத்திருந்தாய். கீழே டிலுக்ஷன் தன் ஓட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான். உன் டிலுக்ஷன் அண்ணா. முதலாம் மாடி செல்வராணி அக்காவின் ஒரே பிள்ளை. உன் மைக் பெட்டியைப் புறக்கோட்டையிலிருந்து சும்மா ஏற்றிக்கொண்டு வந்தவன். "நீ பெரிய ஆளா வந்தாப் பிறகு என்ட ஓட்டோவில ஏறுவியாடா?" என்று உன்னைக் கொழுவுகிறவன். அவன் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். எங்கள் ஒழுங்கை வாசலில் நின்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஐஸ் போதைத்தூள் விற்றவனைச் சேர்ட்டில் பிடித்து இழுத்து, சாக்கடைக் கானுக்குள் தள்ளிவிட்டான்.

தள்ளப்பட்டவனுக்குப் பின்னால் ஒருவன் இருந்தான். நீங்கள் எல்லோரும் சின்ன வயதில் "மைக் அண்ணை" என்று கூப்பிட்டவன். ஒழுங்கைக் கிரிக்கெட் என்றால் அவன்தான் ஒலிபெருக்கியில் அறிவிப்பு, தீபாவளி விளையாட்டு என்றாலும் அவன்தான். கரகரத்த, நீட்டி முழக்குகிற குரல். அவனைக் காணாதவர்கள்கூட அவன் குரலைக் கேட்டிருப்பார்கள்.

மோட்டார் சைக்கிள் வந்த சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு கேட்டது எனக்கு முதலில் என்னவென்று விளங்கவில்லை. இளநீர் வெட்டுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். யன்னலுக்கு வந்து பார்த்தேன். ஹெல்மெட் போட்ட இரண்டு பேர், இருவர் கையிலும் மன்னாக் கத்தி. டிலுக்ஷன் ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கம்பியைப் பிடித்த கையில் முதலில் வெட்டினார்கள். பிறகு தோளில். பிறகு அவன் விழுந்தான். விழுந்தவனையும் விடவில்லை. வாளித் தண்ணீர் கொட்டி, சவர்க்கார நுரையெல்லாம் சிவந்து ஓடியது. செல்வராணி அக்கா படியால் ஓடிவந்தா. வந்த வேகத்தில் கால் இடறி, கடைசிப் படியில் முழங்காலில் விழுந்து, அங்கிருந்தே அந்தச் சத்தத்தைப் போட்டா. ஐயோ. அதை நான் எழுதிக் காட்ட முடியாது. எழுத வேண்டிய தேவையும் இல்லை. பஸ்ஸில் ஏறினால் கேட்கலாம்.

நான் கீழே ஓடிப்போகையில் மோட்டார் சைக்கிள் சந்தியைத் தாண்டிவிட்டது. அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும் டிலுக்ஷனை அவனுடைய ஓட்டோவிலேயே தூக்கி ஏற்றினார்கள். அவன் தலை என் மடியில், கால் செல்வராணி அக்காவின் மடியில். என் சட்டைக்குள்ளால் சூடாக இறங்கியது. ஆசுபத்திரி வாசலுக்குப் போக முதலே அந்தச் சூடு ஆறிவிட்டது. திரும்பி வந்தபோது நீ மாடிப்படியில் நின்றாய். கழுத்தில் ஹெட்போன், முகத்தில் ரத்தமேயில்லை. உன்னைக் கட்டிப்பிடிக்க வந்தேன். என் உடுப்பைப் பார்த்துவிட்டு நீ பின்னுக்குப் போனாய். அதற்காக நான் உன்னை ஒருநாளும் கோபிக்கவில்லை.

எங்கள் ஒழுங்கையின் வழக்கம் உனக்குத் தெரியும். ஒரு வீட்டில் சாவு விழுந்தால், முப்பத்தோராம் நாள் சடங்கு முடியும்வரை ஒரு வீட்டிலும் பாட்டு ஒலிக்காது. தமிழ் வீடு, சிங்கள வீடு, முஸ்லிம் வீடு என்று இல்லை. வெள்ளைக்கொடி கட்டினால் எல்லோருக்கும் ஒரே சட்டம். சந்தியில் ஃபோன் கடை வைத்திருக்கும் சிங்களப் பெடியன் வாசல் ஸ்பீக்கரைக் கழற்றி உள்ளே வைத்தான். ஒரு வீட்டில் பிள்ளைக்குப் பிறந்தநாள் வந்தது. பாட்டில்லாமல் கேக் வெட்டினார்கள். உன் அறையும் சத்தமில்லாமல் இருந்தது. செல்வராணி அக்காவே என்னிடம், "தம்பி பாவம், தன்ட தொழிலையும் விட்டிட்டு இருக்கிறான்" என்று கண் கலங்கினா. நானும் அப்படித்தான் நினைத்தேன். உன் கதவடியில் தேத்தண்ணி வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போவேன். நீ ஹெட்போன் போட்டிருந்தாய். அந்த முப்பத்தொரு நாளுக்குள்தான் நீ, அன்று உன் மைக்கில் பதிந்துபோன அவவுடைய குரலை வெட்டினாய். வெட்டி, நீட்டி, மேளத்துக்கு முன்னால் வைத்து, மறுபடி மறுபடி ஒட்டினாய். ஊரே வாயைப் பொத்திக்கொண்டிருந்த நாட்களில், அவவை மட்டும் கத்த வைத்துக்கொண்டிருந்தாய்.

பிறகு சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. பெரிய படம், பெரிய இசையமைப்பாளர். நீ அனுப்பிய ட்ராக்கை அப்படியே வைத்துக்கொண்டார்களாம், பாடினதும் நீயேயாம். கொட்டாஞ்சேனைப் பெடியன் ஒருவனின் பேர் திரையில் வந்தபோது தியேட்டரில் நான்தான் முதலில் கை தட்டினேன். அந்தக் காட்சியில் கதாநாயகன் சந்தைக்குள் நின்று ஒவ்வொருவராக வெட்டுகிறான். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு ஐயோ, ஒவ்வொரு ஐயோவுக்கும் தியேட்டர் முழுக்க விசில். நான் தட்டின கையை மடியில் வைத்தேன். ஆனால் பெருமை கண்ணை மறைத்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. பார்க்கிறவர்களிடமெல்லாம் "என்ட மகன்ட பாட்டு" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். மீன்காரனிடம் சொன்னேன், கோயில் ஐயரிடம் சொன்னேன், களுபோவில ஆசுபத்திரியில் என் கால் வீக்கத்தைப் பார்த்த சிங்கள டாக்டரிடம்கூடச் சொன்னேன்.

அந்தப் பெருமையோடுதான் லட்டு எடுத்துக்கொண்டு செல்வராணி அக்கா வீட்டுக்குப் போனேன். அவ வெளியே வருவதில்லை, படம் பார்ப்பதில்லை, வீட்டில் ரேடியோ இல்லை. பாவம், எங்கள் பிள்ளையின் சந்தோசத்தை அவவும் கேட்கட்டும் என்று நினைத்தேன். அவ வேண்டாம் என்று கையை ஆட்டினா. நான் விடவில்லை. "ஒருக்காக் கேளுங்கோ அக்கா. டிலுக்ஷன் தூக்கிக்கொண்டு வந்த மைக்கில பாடினது" என்று சொல்லி, ஃபோனை அவவுடைய காதோடு வைத்து அழுத்திப் பிடித்தேன். ஓம், அழுத்திப் பிடித்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அந்தச் சத்தம். அவவுடைய உடம்பு ஒரேயடியாக விறைத்தது. வாய் திறந்தது, ஆனால் சத்தம் வரவில்லை. சத்தம் ஃபோனுக்குள்ளிருந்துதான் வந்தது. அப்போதுதான், அந்த வாயையும் அந்தச் சத்தத்தையும் ஒன்றாகக் கண்டபோதுதான், எனக்கு விளங்கியது. அவ, "இது நான்" என்றா. பிறகு என் கன்னத்தில் ஓங்கி அறைந்தா. ஃபோன் சுவரில் பட்டுச் சிதறியது. லட்டுத் தட்டைக் காலால் உதைத்தா. என் தலைமயிரைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினா. நான் கையை உயர்த்தவில்லை. ஐம்பது வயதுக்கு மேல் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அடி வாங்கிய மனுசி இந்த ஒழுங்கையில் நான் ஒருத்திதான், அந்த அடியில் ஒன்றுகூட அதிகம் இல்லை.

அன்றைக்கே உனக்கு ஃபோன் எடுத்தேன், நினைவிருக்கிறதா? நீ, "அம்மா, அது வெறும் சவுண்ட். ஆருக்கும் தெரியாது" என்றாய். வெறும் சவுண்ட். நான் உனக்கு ஒருநாளும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், கேள். எண்பத்துமூன்று கலவரத்தின்போது நான் சின்னப் பிள்ளை, வெள்ளவத்தையில் இருந்தோம். பக்கத்துச் சிங்கள வீட்டுக் குளியலறைக்குள் எங்களை வைத்துப் பூட்டியிருந்தார்கள். வெளியே றோட்டில் ஒரு மனிதனை அடித்தார்கள். டயர் எரிகிற மணம் வந்தது. அவன் கத்தினான். உன் அம்மப்பா என் இரண்டு காதையும் தன் கையால் பொத்தி, "கேக்காத பிள்ளை, கேக்காத" என்றார். அவருடைய கை நடுங்கின இடைவெளியால் முழுவதும் கேட்டது. அந்த மனிதனின் முகத்தை நான் கண்டதில்லை, பேர் தெரியாது. இன்றைக்கும் மிக்ஸி போட்டால் சிலவேளை அவன் கத்துகிறான். ஆனால் தம்பி, அந்தக் கத்தலுக்கு ஒருவரும் மேளம் அடிக்கவில்லை. அதை எடுத்து ஒருவரும் ஆடவில்லை. அந்த மட்டில் அவனுக்கு ஒரு மரியாதை மிஞ்சியது.

உன்னை இது தெரியாத பிள்ளையாக நான் வளர்க்கவில்லை. படிக்கிற காலத்தில் மீன்காரன் கூவுவதைப் பதிந்து தாளம் போட்டாயே. போட்டுவிட்டு நேரே சந்தைக்கு ஓடிப்போய் அவனுக்குப் போட்டுக் காட்டி, "அண்ணே, இதை நெட்டில போடட்டா?" என்று கேட்டாய். அவன் சந்தோசத்தில் உனக்கு ஒரு பாரை மீன் தந்துவிட்டான். நீ ரத்தம் சொட்டச் சொட்ட அதைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தாய். அன்றைக்கு ஒரு மீன்காரனிடம் கேட்கத் தெரிந்தவனுக்கு, இரண்டு படிக்கட்டு இறங்கிச் செல்வராணி அக்காவிடம் ஏன் கேட்க முடியவில்லை? கேட்டால் கொடுக்கமாட்டா என்று தெரியும், அதனால்தானே? கேட்கப் பயமான ஒன்றை எடுக்கக்கூடாது. கல்யாணம் கட்டப்போகிறாய், ஆரணி விசயத்திலும் இதை நினைவில் வைத்துக்கொள். இதைவிடப் பெரிய புத்திமதி என்னிடம் இல்லை.

இனித்தான் நான் உனக்குச் சொல்ல வேண்டியது வருகிறது. என்னை அடித்ததற்குப் பின் ஒரு மாதமளவு செல்வராணி அக்கா என் முகத்தில் முழிக்கவில்லை. பிறகு ஒரு காலை, நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது வந்து குசினி வாசலில் நின்றா. உள்ளே வரவில்லை, இருக்கவில்லை. "ஒண்டு கேக்க வேணும். தம்பி அண்டைக்கு முழுசாப் பதிஞ்சவனோ, இல்லாட்டி அந்தத் துண்டு மட்டும்தானோ?" என்று கேட்டா. ஏன் அக்கா என்றேன். அவ சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னா, "விழுந்து கிடக்கேக்க பிள்ளை என்னைப் பாத்து ஏதோ சொன்னவன். வாய் அசைஞ்சது. நான் கத்தின கத்தலில எனக்குக் கேக்கேல்ல. அம்மா, வந்து காப்பாத்துங்கோ எண்டு கூப்பிட்டிருப்பான். நான் படியிலேயே விழுந்து கிடந்திட்டன். அதுதானோ எண்டு தெரிஞ்சாக் காணும்."

அந்தப் பதிவை அழித்துவிட்டேன் என்று நீ என்னிடம் சொல்லியிருந்தாய். ஆனால் நீ ஒன்றையும் எறிகிற ஆள் இல்லை, உடைந்த இயர்ஃபோனைக்கூட வைத்திருப்பவன். உன் அலுமாரியில், பழைய பள்ளிக்கூடச் சேர்ட்டுகளுக்குக் கீழே அந்த ஹார்ட் டிஸ்க் இருந்தது. அப்பா வேலை செய்வது மின்சாதனக் கடையில்தானே, அவர் அதை உன் பழைய கம்ப்யூட்டரில் கொழுவினார். இரண்டு பேரும் கதவைப் பூட்டிவிட்டு இருந்து கேட்டோம். முதலில் நீ பாடுகிறாய். நல்லாகத்தான் பாடுகிறாய். பிறகு மோட்டார் சைக்கிள். பிறகு அந்த இளநீர் வெட்டும் சத்தம், அப்பா எண்ண வாயெடுத்து விட்டுவிட்டார். பிறகு ஐயோ. நீ வெட்டி எடுத்தது அதுவரைக்கும்தான். அதற்குப் பிறகு இருப்பதை நீயும் கேட்டிருக்கிறாய், எனக்குத் தெரியும். டிலுக்ஷனின் குரல் இருக்கிறது. அதற்குப் பிறகு இன்னொரு குரல். கரகரத்து, நீட்டி, "காணும், ஏறடா!" என்று, வெட்டினது போதும், சைக்கிளில் ஏறு என்று. அப்பா எழும்பிப் போனார். பூட்டின கதவுக்கு மேல்தாழ்ப்பாளையும் போட்டுவிட்டு வந்து இருந்தார். நாங்கள் இருவரும் அந்தக் குரலின் பேரை வாயால் சொல்லவில்லை.

பொலிஸ் கேட்டபோது ஒழுங்கையே ஒரே பதில்தான் சொன்னது. ஹெல்மெட் போட்டிருந்தாங்கள், முகம் தெரியவில்லை. நானும் அதைத்தான் சொன்னேன். அது பொய்யில்லை. குரலைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் தானாகச் சொல்லவுமில்லை. சந்தேகத்தில் பிடிபட்ட மைக் அண்ணை பிணையில் வந்து, சந்தியில் பிளேன்டீ குடித்துக்கொண்டு நிற்கிறான். சாட்சியில்லாவிட்டால் வழக்கு நிற்காது என்று செல்வராணி அக்காவின் லோயர் சொல்லிவிட்டார். வழக்குப் புதுக்கடைக் கோர்ட்டில் அடுத்த மாதம் எடுபடுகிறது, உன் கல்யாணத்துக்கு முதல் கிழமை.

நாங்கள் கேட்ட அடுத்த நாள் செல்வராணி அக்காவைக் கூப்பிட்டு, உன் அறையில், உன் கதிரையில் இருத்தினேன். ஹெட்போனை அவவே எடுத்துப் போட்டுக்கொண்டா. இந்த முறை நான் அழுத்திப் பிடிக்கவில்லை. அவவுடைய விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்த பிடியில் நகம் வெளுத்தது. தன் சத்தம் வந்தபோது கண்ணை மூடினா. பிறகு திறந்தா. திரும்பப் போடச் சொன்னா. திரும்பவும் போடச் சொன்னா. ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "அவன் என்னைக் கூப்பிடேல்ல" என்றா. "'அம்மா, வராதேங்கோ. மேல போங்கோ' எண்டிறான். என்னைப் போகச் சொல்லியிருக்கிறான், குறுக்கால போவான்." திட்டிக்கொண்டே சிரித்தா, சிரித்துக்கொண்டே தலையில் அடித்து அடித்து அழுதா. நான் கையைப் பிடிக்கப் போய், பிடிக்காமல் நின்றேன். இந்தப் பிள்ளை உயிர் போகிற நேரத்தில் சொன்ன வார்த்தையைத்தான் தம்பி, நீ தேவையில்லை என்று வெட்டி ஒதுக்கியிருக்கிறாய்.

மற்றக் குரலையும் அவ கேட்டா. எழும்பிப் போகும்போது வாசலில் நின்று, "இதை வழக்குக்குத் தாங்கோ எண்டு நான் கேக்கமாட்டன். உங்களுக்கும் ஒரு பிள்ளைதான். அதின்ட கல்யாணம் நல்லா நடக்கட்டும்" என்றா. என்னை அறைந்தபோதுகூட எனக்கு இப்படி வலிக்கவில்லை.

அதற்குப் பிறகும் நான் பயந்துகொண்டுதான் இருந்தேன். பொய் சொல்லவில்லை. அப்பா, "பிள்ளையின்ட கல்யாணம் முடியட்டும், பிறகு யோசிப்பம்" என்றார். நானும் தலையாட்டினேன். முந்தாநாள் சந்தையால் வரும்போது மைக் அண்ணை எங்கள் படிக்கட்டில் குறுக்கே காலை நீட்டிக்கொண்டு இருந்தான். என் பையை வாங்கிக் கத்தரிக்காய், முருங்கைக்காய் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்தான். "அன்ரி, தம்பிக்குக் கல்யாணமாம். எனக்கும் ஒரு கார்ட் தருவீங்கள்தானே? தம்பி எந்த ஃபிளைட்டில வாறான் எண்டு சொன்னா, எயர்போட்டுக்கு நானே போய்க் கூட்டிக்கொண்டு வருவன்" என்றான். அந்த நேரம் அவனுடைய ஃபோன் அடித்தது. சேர்ட் பொக்கற்றுக்குள் செல்வராணி அக்கா கத்தினா. ஐயோ. அவன் எடுக்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை அடிக்க விட்டான். "சூப்பர் பாட்டு அன்ரி. என்ட ரிங்டோன்" என்று சொல்லி, முருங்கைக்காய் ஒன்றை இரண்டாக முறித்துப் பையில் போட்டுத் தந்தான். மேலே முதலாம் மாடியில் செல்வராணி அக்காவின் கதவு திறந்தே இருந்தது. அவ வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தா.

அந்தப் படியில் வைத்தே என் பயம் போய்விட்டது. வீரம் வந்து போகவில்லை, கோபத்தில் போனது. என் பிள்ளை செய்த பாட்டை அவன் கத்தியாக இடுப்பில் செருகி வைத்திருக்கிறான். அந்தத் தாயைத் தினமும் அதால் வெட்டுகிறான். அந்தக் கத்திக்குப் பிடி செய்து கொடுத்தது என் வீடு. இதைத் தெரிந்துகொண்டு நான் கூறைத் தட்டு ஏந்தி, பட்டுடுத்தி, உன் கல்யாணத்தில் சிரித்துக்கொண்டு நிற்கவேண்டுமா? என்னால் முடியாது.

ஹார்ட் டிஸ்க் இப்போது வீட்டில் இல்லை. லோயரிடம் கொடுத்துவிட்டேன். அலுமாரியை உடைத்துத் தேடுகிறவர்கள் தேடட்டும், உன் பழைய சேர்ட்டுகள்தான் கிடைக்கும். வழக்கன்று நானும் செல்வராணி அக்காவும் ஒன்றாகப் புதுக்கடைக்குப் போகிறோம். அப்பா முதலில் வரமாட்டேன் என்றுதான் சொன்னார். நேற்றுப் போய்க் கடையில் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஆரணியின் தகப்பனிடம் நானே போய் எல்லாவற்றையும் சொல்வேன். கல்யாணத்தைத் தள்ளி வைக்கச் சொன்னால் தள்ளி வைப்போம். கல்யாணமே வேண்டாம் என்றால், உனக்கு முகம் காட்ட முடியாத தாயாக நான் இருந்துவிட்டுப் போகிறேன். பாட்டிலிருந்து அந்தக் குரலை எடுக்கச் சொல்லி சென்னைக்காரர்களிடம் நீ சொல். எடுக்க மாட்டார்கள் என்றால், அது யாருடைய குரல் என்று ஊர் அறியச் சொல். ஆடுகிறவர்கள் தெரிந்துகொண்டு ஆடட்டும்.

நீ வருவதா விடுவதா என்று நான் கட்டளையிடவில்லை. வந்தால் ஆபத்து, அதை மறைக்கவும் இல்லை. வருவதாக இருந்தால் எந்த ஃபிளைட் என்று ஃபேஸ்புக்கில் போடாதே, அப்பாவிடம் மட்டும் சொல். வராவிட்டாலும் நீ என் பிள்ளைதான், உனக்குச் சோறு இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று மட்டும் யோசி. கோர்ட்டில் அந்தச் சத்தத்தை முழுவதும் போடுவார்கள். மேளம் இல்லாமல், விசில் இல்லாமல், டிலுக்ஷன் சொன்னதோடு சேர்த்துப் போடுவார்கள். போட்டுவிட்டு, இதைப் பதிந்தது யார் என்று என்னிடம் கேட்பார்கள். மீன்காரனிடமும் ஐயரிடமும் டாக்டரிடமும் சொன்ன அதே வாயால் அங்கேயும் சொல்வேன், "என்ட மகன்" என்று. நான் அதைச் சொல்லும்போது செல்வராணி அக்கா திரும்பிப் பார்ப்பா. அந்த நேரம் நீ எனக்குப் பக்கத்தில் நின்றால் நல்லது.

அம்மா